'மாற்று' ஒன்றுதான், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை வினை?

புதுப்பேனா | 3.2.2024, காலை 10.12

பட்டறை இயந்திரம் ஒன்றின் கையேட்டைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறேன். பக்கத்துக்கு நாலு 'மாற்று', நாலு 'ஆக்கு'. அகராதியில் சேஞ்ச், ஆல்டர், மாடிஃபை, கன்வர்ட், டிரான்ஸ்ஃபார்ம், டர்ன் என்று வரிசை கட்டி நிற்கின்றன. என் கட்சி: எல்லாம் ஒன்றுதான். ஒரே சொல் வந்து வந்து சலிப்புத் தட்டாமல் இருக்க, ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் போதும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிழைதிருத்தி | 3.2.2024, காலை 10.41

அப்படிப் போட்டால் பேரிங் போய்விடும்.

'பேரிங்கை மாற்று' என்பதற்கு உங்கள் ஆறில் எதைப் போடுவீர்கள்? மாடிஃபை என்று போட்டால் ஃபிட்டர் அரத்தை எடுத்துக்கொண்டு பேரிங்கை ராவ உட்கார்ந்துவிடுவார். அங்கே வேண்டியது ரீப்ளேஸ். அது உங்கள் பட்டியலிலேயே இல்லை. கையேட்டுத் தமிழில் வருகிற 'மாற்று' பெரும்பாலும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடு என்பதுதான். முதலில் அவற்றையெல்லாம் ரீப்ளேஸ் பக்கம் தள்ளுங்கள். இடத்தை மாற்று என்றால் மூவ், கியரை மாற்று என்றால் ஷிஃப்ட். இவை போக மிஞ்சுவதுதான் உருவோ இயல்போ மாறுகிற வகை.

மிஞ்சியதற்கு ஒரு கேள்வி போதும்: மாறி முடிந்த பிறகு எது அப்படியே இருக்கிறது?

கன்வர்ட்டில் உள்ளடக்கம் அப்படியே இருக்கும். அளக்கும் முறையோ பயன்பாடோ வேறாகும். மைலைக் கிலோமீட்டராக்கினால் தூரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாடிஃபை என்றால் பொருளின் பெரும்பாகம் பழையபடி, ஏதோ ஒரு பகுதியில் கை வைத்திருக்கிறார்கள். ஆல்டர் அதைவிடச் சின்னது, பொருத்தம் பார்த்துச் செய்வது. டிரான்ஸ்ஃபார்ம் என்றால் பொருள் அதுவேதான், ஆனால் முன்பு பார்த்தவருக்கு அடையாளம் தெரியாது. டர்ன் இன்டு, எப்படி ஆனது என்பதைப் பற்றிக் கவலைப்படாது. தவளை இளவரசன் ஆனால் சரி. சேஞ்ச் எல்லாவற்றையும் மூடும் போர்வை. அதனாலேயே கையேட்டில் ஆபத்தானது, ஏனென்றால் ரீப்ளேஸையும் சேர்த்து மூடிவிடும்.

உலைக்களம் | 3.2.2024, பகல் 12.20

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஒவ்வொரு தொழிலும் இந்த வினைகளைத் தனக்கென்று பட்டா போட்டு வைத்திருக்கிறது. அங்கே பொதுப் பொருளை வைத்துக்கொண்டு நுழைய முடியாது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட் ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை, 12 வோல்ட் ஏசியாக இறக்கும். அலை 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். பிழைதிருத்தி சொன்ன 'அடையாளம் தெரியாது' இங்கே செல்லாது. மாறுவது வோல்டேஜும் கரன்ட்டும் மட்டுமே, அதுவும் கம்பிச் சுற்றுகளின் விகிதப்படி. ஏசியை ஒரே திசையில் ஓடும் டிசியாக்குவது ரெக்டிஃபை. டிசியை ஏசியாக்குவது இன்வர்ட். இந்த இரண்டுக்கும் டிரான்ஸ்ஃபார்ம் என்று எழுதினால் படிப்பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது மின்சாரம் உள்ளே போகும் சுருளில், டிசியைக் கொடுத்துப் பார்ப்பார். டிசிக்குச் சுற்றுக் கம்பியின் தடையைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. ஃபியூஸ் போகும், ஃபியூஸ் சரியில்லை என்றால் சுருளே கருகும்.

ரெக்டிஃபை என்ற பிறகும் ஒரு வழுக்கல் உண்டு. 12 வோல்ட் ஏசியை நாலு டையோடு பிரிட்ஜில் ரெக்டிஃபை செய்து கெப்பாசிட்டரில் நிரப்பினால் 12 வோல்ட் டிசி வராது. ஏசியில் 12 என்பது அலையின் உச்சம் அல்ல. உச்சம் 17, இரண்டு டையோடில் 1.4 போக சுமார் 15.6. லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினால் 17-ஐத் தாண்டும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் ஒருநாள் வயிறு உப்பி நிற்கும். 25 வோல்ட் போடுங்கள்.

வீட்டில் நாம் 'இன்வெர்ட்டர்' என்று கூப்பிடும் பெட்டிக்குள் ரெக்டிஃபையரும் இருக்கிறது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமே. கடைக்காரரிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம்.

புதுப்பேனா | 3.2.2024, பகல் 1.05

சரி, என் கட்சிக்கு டெபாசிட் போனது. கையேட்டில் இருக்கும் ஒரு வரி: 'நிறம் மாறினால் ஆயிலை மாற்றவும்.' இதற்கு?

பிழைதிருத்தி | 3.2.2024, பகல் 1.30

'இஃப் தி ஆயில் சேஞ்சஸ் கலர், ரீப்ளேஸ் இட்.' முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. தமிழில் மாறு, மாற்று என்று உருவே வேறு. உருகு–உருக்கு, ஆறு–ஆற்று, திரும்பு–திருப்பு, இறங்கு–இறக்கு எல்லாம் அந்தக் குடும்பம். கரைந்தது–கரைத்தான், உடைந்தது–உடைத்தான் என்று காலம் காட்டும் இடத்தில் பிரிவதும் உண்டு. ஆங்கிலத்தில் மெல்ட், டிசால்வ், பிரேக், பெண்ட், சேஞ்ச், டர்ன் எல்லாம் இரண்டு வேலையையும் ஒரே உருவில் செய்யும். ஐஸும் மெல்ட் ஆகும், நீங்களும் ஐஸை மெல்ட் செய்வீர்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தானாக நடப்பதைச் சொல்லும்போது மனசு கேட்காமல் ஓர் 'இஸ்' சேர்த்து 'தி கலர் இஸ் சேஞ்ச்டு' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு யாரோ மாற்றியதாகத் தோன்றும். மெழுகு உருகும் வரை சூடாக்கு என்றால் 'அன்டில் தி வாக்ஸ் மெல்ட்ஸ்'. அவ்வளவுதான்.

எல்லா வினையும் இப்படி இரட்டை வேஷம் போடாது. மாடிஃபைக்குச் செய்பவர் வேண்டும். எதுவும் தானாக மாடிஃபை ஆகாது. பிகம் நேர் எதிர், அதைக் கொண்டு எதையும் செய்ய முடியாது. கன்வர்ட் நடுவில்: சோபா கட்டிலாக மாறக்கூடியது என்றால் 'தி சோபா கன்வர்ட்ஸ் இன்டு எ பெட்' சரியான ஆங்கிலம்.

வரிவடிவம் | 3.2.2024, மாலை 4.48

ஆங்கிலத்திலும் நம் எழு–எழுப்பு மாதிரி உரு வேறுபடும் சோடிகள் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ரைஸ்–ரெய்ஸ், லை–லே, சிட்–செட். ஃபால்–ஃபெல்லை மறந்துவிடுகிறார்கள், மரம் விழுந்தால் ஃபால், மரத்தை வீழ்த்தினால் ஃபெல். குழப்பம் என்னவென்றால் ஃபாலின் இறந்தகாலமும் ஃபெல்தான். வீழ்த்துவதற்கு இறந்தகாலம் ஃபெல்டு.

கொதிகலன் | 3.2.2024, இரவு 9.15

சமையல் குறிப்பை ஆங்கிலமாக்குகிறவர்களும் இந்தப் பக்கம் வருவதால் சொல்லிவைக்கிறேன். 'பாலை உறை ஊற்றவும்' என்பதற்கு 'கர்டில் தி மில்க்' என்று எழுதாதீர்கள். கர்டில் என்றால் திரிவது. எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கும்போது நடப்பது அது. தயிர் உறைவதற்கு செட். பாலைக் காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு, 40 முதல் 45 டிகிரிக்கு, ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு கரண்டி தயிர் கலந்து அசைக்காமல் வைப்பது வரை சேர்த்துத்தான் 'செட் தி கர்ட்'. கர்ட் என்பதே தெற்காசியாவுக்கு வெளியே பெரும்பாலும் திரிந்த கட்டியைத்தான் குறிக்கும். வெளியூர் வாசகருக்கு யோகர்ட் என்று போடுங்கள்.

அடுத்தது சுண்டக் காய்ச்சுவது, ரெட்யூஸ். இதில் வினையைவிட அதன் வால் முக்கியம். ஒரு லிட்டர் பாலை 'ரெட்யூஸ் பை த்ரீ குவார்ட்டர்ஸ்' என்றால் மிஞ்சுவது 250 மில்லி. 'ரெட்யூஸ் டு த்ரீ குவார்ட்டர்ஸ்' என்றால் 750 மில்லி. பை, டு இரண்டும் இடம் மாறினால் திரட்டுப்பால் காபிக்கு ஊற்றும் பாலாகிவிடும்.

கொழுப்பைச் சிறு தீயில் உருக்கி எடுப்பதற்கு ரெண்டர். ஆரம்பத்தில் ஒரு கை தண்ணீர் விட்டால் அடிப்பிடிக்காது, பிறகு அது ஆவியாகிவிடும். வெண்ணெயை உருக்கித் தெளிவை மட்டும் இறுத்தால் கிளாரிஃபை. நெய் அதற்கும் ஒரு படி மேல்: அடியில் தங்கும் பால்திப்பி பொன்னிறமாகி மணம் வரும் வரை போக வேண்டும். கிளாரிஃபைடு பட்டர் என்று மட்டும் எழுதினால் மணமில்லாத நெய்தான் கிடைக்கும்.

உலைக்களம் | 4.2.2024, காலை 7.50

சுண்டுவதற்கு ரெட்யூஸ் என்றால், என் பக்கத்தில் அதே ரெட்யூஸ் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குவது. மெல்ட், ஸ்மெல்ட் இரண்டுக்கும் நடுவே நிற்பதும் அதுதான். தமிழில் இரண்டுக்குமே உருக்கு என்றுதான் பேச்சு. பழைய இரும்பை, பித்தளைப் பாத்திரத்தை, நகையை உருக்குவது மெல்ட்: திடம் திரவமாகிறது, செம்பு என்றால் 1085 டிகிரியில், சுத்த இரும்பு என்றால் 1538-இல். ஸ்மெல்ட் என்பது தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது. இரும்புத் தாதுவை எவ்வளவு சூடாக்கினாலும் சும்மா இரும்பு வராது. கரி வேண்டும், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். நகைக்கடை விளம்பரத்தில் 'கோல்ட் ஸ்மெல்ட்டிங்' என்று பார்த்தால் அங்கே சுரங்கம் எதுவும் இல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பது காஸ்ட். இறந்தகாலமும் காஸ்ட்தான், காஸ்டட் என்று ஒன்று கிடையாது. காய்ச்சி அடிப்பது ஃபோர்ஜ். கள்ளக் கையெழுத்துக்கும் அதே வினை.

இனி முக்கியமானது. 'உளியைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கி டெம்பர் செய்யவும்' என்று எழுதிய கையேடுகள் உண்டு. தப்பு. தண்ணீரில் முக்குவது க்வென்ச், அதனால் கிடைப்பது ஹார்டன். டெம்பர் அதற்கு அடுத்த வேலை, கெட்டியைக் குறைப்பது. வரிசை இது: உளி நுனியைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேலே கொஞ்சம் கொண்டுபோங்கள். 770 டிகிரியில் காந்தம் விடும். 800-ஐ ஒட்டிப் போனால் போதும். உடனே முக்குங்கள். இப்போது நுனி கண்ணாடி மாதிரி, சுத்தியல் பட்டால் சில்லுத் தெறிக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மெல்லச் சூடேற்றினால் நுனியை நோக்கி நிறம் நகரும். வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 220–230, பிறகு பழுப்பு, ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா நுனியைத் தொடும்போது நிறுத்த வேண்டும். நீலம் தாண்டி விட்டுவிட்டால் முனை மழுங்கிக்கொண்டே இருக்கும், மறுபடி முதலிலிருந்துதான்.

அனீல் என்றால் உலையிலேயே வைத்து மெல்ல ஆறவிட்டு மெதுவாக்குவது. செம்புக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டாலும் மெதுவாகத்தான் வரும். எஃகில் பழகிய கைக்கு இது நம்பச் சிரமம்.

கொதிகலன் | 4.2.2024, காலை 8.22

டெம்பர் என்றதும் எனக்குக் கடுகு வெடிக்கிறது. இந்திய ஆங்கிலத்தில் தாளிப்பதற்கு அதுதான் வினை. இதைப் படிக்கும் பிரிட்டிஷ் சமையற்காரர் முட்டையில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குவதை நினைப்பார். அவர்கள் ஊரில் அதுவும் டெம்பர். மிட்டாய்க்காரரைக் கேட்டால் சாக்லேட்டை 45–50 டிகிரிக்கு உருக்கி, 27–28-க்கு இறக்கி, மறுபடி 31–32-க்கு ஏற்றுவது என்பார். அது டார்க் சாக்லேட் கணக்கு. இறக்காமல் நேரே அச்சில் ஊற்றினால் மேலே சாம்பல் பூக்கும், உடைத்தால் சத்தம் வராது.

ஆகவே வெளிநாட்டு வாசகருக்கு 'டெம்பர் வித் மஸ்டர்ட்' என்று எழுத வேண்டாம். எண்ணெயைக் காய வை, கடுகைப் போடு, வெடித்து அடங்கியதும் கறிவேப்பிலையைப் போட்டுக் குழம்பின் மேல் கொட்டு என்று முழுசாக எழுதுங்கள். கடுகுக்கு எதற்குக் கோபமூட்ட வேண்டும் என்று கேட்கமாட்டார்கள்.

உலைக்களம் | 4.2.2024, காலை 8.40

டெம்பர்டு கிளாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃகில் டெம்பர் கெட்டியைக் குறைக்கும். கண்ணாடியில் வலுவைக் கூட்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி இருபுறமும் காற்றை அடித்து மேற்பரப்பைச் சட்டென்று ஆற்றுவார்கள். உள்ளே பின்னால் ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். கைப்பிடித் துளை, கீல் வெட்டு எல்லாம் டெம்பருக்கு முன்பே போட்டாக வேண்டும். கையேட்டில் இந்த முன்பின் வரிசை தலைகீழானால் ஒரு கதவு போச்சு.

வரிவடிவம் | 4.2.2024, மாலை 6.05

ஹார்டன் வந்ததால் ஒரு கிளைக் கணக்கு. வயிட்டன், பிளாக்கன், ரெடன் உண்டு. கிரீனன், ப்ளூவன், யெல்லோவன், பிரவுனன் ஏன் இல்லை?

ஆங்கில இலக்கணக்காரர் சுற்றி வளைப்பதை நம் பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லலாம். ஓரசைப் பண்புச்சொல் வல்லின ஓசையில் முடிந்தால் 'அன்' ஏறும். மெல்லினம், இடையினம், உயிரில் முடிந்தால் ஏறாது. நம் வல்லினத்தோடு ஸ், ஷ், ஃப் மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டார்க்கன், ஷார்ப்பன், பிராடன், டஃபன், லூசன், ஃப்ரெஷன் எல்லாம் சரி. தின், வார்ம், கூல், க்ளியர், டிரை, ஸ்லோ இவற்றுக்கு ஏறாது. அவை அப்படியே வினையாக நிற்கும். பெயின்டில் தின்னர் ஊற்றுவதற்கு 'தின் தி பெயின்ட்'. தின்னன் இல்லை.

ஸ்ட்ராங், லாங் இரண்டும் மெல்லினத்தில் முடிகின்றன. அதனால்தான் பெயர்ச்சொல்லுக்குப் போய் ஸ்ட்ரெங்த்தன், லெங்த்தன் என்று சுற்றி வருகிறார்கள். ஹை உயிரில் முடிகிறது, எனவே ஹைட் என்ற பெயர்ச்சொல் வழியாக ஹைட்டன்.

பிழைதிருத்தி | 4.2.2024, மாலை 6.31

வெட்?

வரிவடிவம் | 4.2.2024, மாலை 6.44

வெட் விதிக்கு அடங்காது. ட-வில் முடிந்தும் வெட்டன் இல்லை, வெட் என்றே வினை, அல்லது மாய்சன். ஹாட்டுக்கு ஹீட், கோல்டுக்கு கூல் அல்லது சில், பிக்குக்கு என்லார்ஜ், ஓல்டுக்கு ஏஜ். அன்றாடம் புழங்கும் சொற்கள்தான் விதியை மதிப்பதில்லை.

உச்சரிப்பையும் முடித்துவிடுகிறேன். ஸ், ஃப் இரண்டுக்கும் பின்னால் வரும் 'டி' ஒலிக்காது: ஃபாசன், மாய்சன், சாஃபன். ஷார்ட்டன், ஃப்ளாட்டன் இவற்றில் ஒலிக்கும்.

'இஃபை' குடும்பத்தில் எழுத்துப்பிழை தட்டும் நாலு வினைகளைச் சுவரில் ஒட்டி வையுங்கள்: லிக்விஃபை, பியூட்ரிஃபை, ரேரிஃபை, ஸ்டூபிஃபை. இவற்றில் எஃப்புக்கு முன்னால் 'ஐ' கிடையாது, 'இ'. சாலிடிஃபை, பியூரிஃபை, பெட்ரிஃபை போன்ற மற்றவற்றில் 'ஐ'.

கொதிகலன் | 4.2.2024, இரவு 7.10

பியூட்ரிஃபையைச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்கிறீர்களே.

பிழைதிருத்தி | 5.2.2024, காலை 9.30

பெட்ரிஃபை என்றதும் முதலில் போட்ட கேள்விக்கே ஒரு திருப்பம் தோன்றியது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா இறங்கி, செல் செல்லாக நிரம்பி இறுகிவிட்டது. குறுக்கே பார்த்தால் மரத்தின் வளையங்கூடத் தெரியும். தட்டினால் கல். இங்கே உரு அப்படியே இருக்கிறது, மாறியது சரக்கு. களிமண்ணைப் பிசைந்து பானையாக வனைவதில் சரக்கு அதேதான், மாறியது உரு. அதற்கு மோல்ட், ஷேப். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசை. டிரான்ஸ்ஃபார்ம் என்று இரண்டுக்கும் எழுதலாம்தான், ஆனால் எது மாறியது என்ற செய்தி தொலைந்துவிடும்.

இதே பிரிவினையை ஆங்கிலம் 'மேட் ஆஃப்', 'மேட் ஃப்ரம்' என்று வினையின் வாலில் வைத்திருக்கிறது. மேசை மரத்தால் ஆனது: மேட் ஆஃப், மரம் கண்ணுக்குத் தெரிகிறது. காகிதம் மரத்திலிருந்து வருவது: மேட் ஃப்ரம், மரம் காணாமல் போய்விட்டது. உங்கள் கையேட்டில் 'இப்பாகம் வார்ப்பிரும்பால் ஆனது' என்று வந்தால் ஆஃப்.

இன்டு, டு இரண்டுக்கும் சின்னக் குறிப்பு. டிரான்ஸ்ஃபார்மும் மாந்திரீக டர்னும் பெரும்பாலும் இன்டு கேட்கும். அளவை மாற்றும் கன்வர்ட்டுக்கு டு போதும். மதம் மாறுவதற்கு டு மட்டுமே. சாம்பலாக்குவது, இடிபாடாக்குவது, அழவைப்பது எல்லாம் 'ரெட்யூஸ் டு'. பின்னால் பண்புச்சொல் வந்தால் இரண்டும் வேண்டாம்: டர்ன் ரெட், கோ பேட், க்ரோ ஓல்ட், ஃபால் சைலன்ட், கம் லூஸ். கோ பெரும்பாலும் கெட்டதற்கு: பால் புளித்தால், தலை வழுக்கையானால், கண் தெரியாமல் போனால். போல்ட் கழன்றால் கம்.

புதுப்பேனா | 5.2.2024, காலை 11.02

கையேட்டின் கடைசிப் பகுதியில் 'வாகனத்தில் மாற்றங்கள் செய்யக் கூடாது' என்று எச்சரிக்கை இருக்கிறது. மாடிஃபிகேஷனா, ஆல்டரேஷனா? இரண்டும் சின்ன மாற்றம் என்றீர்கள்.

பிழைதிருத்தி | 5.2.2024, காலை 11.45

பேச்சில் சின்னது. சட்டத்தில் ஆல்டர் சின்னதே இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு ஒத்துப்போகாதபடி வண்டியை 'ஆல்டர்' செய்யக் கூடாது. ஆல்டரேஷன் என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு 'சேஞ்ச்' என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியைச் சிஎன்ஜிக்கோ பேட்டரிக்கோ கொண்டுபோனால் அது எஞ்சினின் 'மாடிஃபிகேஷன்'. அதற்குப் பொருத்துவது 'கன்வர்ஷன்' கிட். ஒரே பிரிவுக்குள் நாலு வினை, நாலும் அதனதன் இடத்தில். உங்கள் எச்சரிக்கைக்கு ஆல்டர் போடுங்கள், சட்டத்தோடு ஒத்துப்போகும்.

மாநிலத்தின் பெயர் மாறியதும் ஆல்டர்தான். 'மெட்ராஸ் ஸ்டேட் ஆல்டரேஷன் ஆஃப் நேம்' சட்டம் 1968. நடைமுறைக்கு வந்தது 14 ஜனவரி 1969. அரசியலமைப்பின் 3-ஆம் உறுப்பில் மாநிலப் பெயருக்கு அந்த வினையே இருக்கிறது. தனி ஆள் அரசிதழில் பெயர் மாற்றினால் மட்டும் 'சேஞ்ச் ஆஃப் நேம்'.

வரிவடிவம் | 5.2.2024, மாலை 5.20

கையேட்டின் மூலக்கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கிறதா? இருந்தால் யூனிகோடுக்கு கன்வர்ட் செய்த பிறகு இதைச் சரிபாருங்கள். பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரையில்தான் தமிழ். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று தட்டல். யூனிகோடில் க முதலில், அதன் பின்னால் ஒற்றைக் குறியாக ொ. சோம்பேறி மாற்றி ஒன்று க-வை முன்னே நகர்த்திவிட்டு, கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டுவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் சொல் சிக்காது. கோப்பு முழுவதையும், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு நார்மலைஸ் செய்தால் சரியாகும்.

அடுத்த பொறி ௌ. அதன் வலப்பக்கமும் ள-வும் பாமினியில் ஒரே தட்டல் என்பதால், மாற்றி கௌரியைச் சரியாகப் பிடிக்கப் போய்க் கெளிற்று மீனைக் கடித்துவிடும். கொம்புக்குப் பின் ஓரெழுத்தும் ள-வும் வரும் இடங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இது கன்வர்ட். பனுவல் அதேதான், குறியீடு வேறு. ஒலியை வைத்துக்கொண்டு லிபியை மாற்றினால் டிரான்ஸ்லிட்டரேட். பொருளை வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் மாற்றினால் டிரான்ஸ்லேட். நிரலாளர்களின் காஸ்ட் வேறு ஜாதி: 3.9-ஐ முழு எண்ணாகக் காஸ்ட் செய்தால் பெரும்பாலான மொழிகளில் 3 வரும், 4 வராது. வெட்டி எறிந்துவிடும். முழுதாக்க வேண்டுமானால் ரவுண்ட்.

உலைக்களம் | 5.2.2024, மாலை 5.41

எங்கள் காஸ்ட்டிலும் உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்குச் சுமார் ஒரு சதவீதம். அச்சை அதற்கேற்பப் பெரிதாக்கவில்லை என்றால் உங்கள் 3.9 கதைதான்.

புதுப்பேனா | 6.2.2024, காலை 10.30

பாமினிதான். கொம்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கையேட்டில் இல்லாத ஒரு கேள்வி: ஆல்டர் என்றால் தெருவில் தையற்கடைதான். அங்கே சட்டையைப் பிடிப்பது, விடுவது இதற்கெல்லாம் என்ன?

கொதிகலன் | 6.2.2024, காலை 10.55

பக்கத்தில் பிடித்துத் தைப்பது டேக் இன். பிரித்து விடுவது லெட் அவுட். உயரம் குறைப்பது டேக் அப், மடிப்பைப் பிரித்து உயரம் கூட்டுவது லெட் டவுன். பிடிப்பது எப்போதும் முடியும். விடுவதற்கு உள்ளே துணி இருக்க வேண்டும். ரெடிமேட் சட்டையின் ஓரத் தையலில் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். பேன்ட்டின் பின்நடுத் தையலில் ஓர் அங்குலம் வரை கிடைக்கலாம். பலமுறை துவைத்த துணி என்றால் பழைய மடிப்புக்கோடு வெளுப்பாகத் தெரியும், எந்த இஸ்திரிக்கும் போகாது. லெட் அவுட் செய்யச் சொல்லும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.